மதகு தாண்டாத மாடும் பத்தாம் நாள் மருந்தும்

எங்கள் கொட்டகையில் ஓர் உம்பளச்சேரிப் பசு இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் மதகின்மேல் கிடந்த பழைய பலகையில் கால் சறுக்கி விழுந்து, முட்டி தேய்ந்துபோனது. பெரிய காயமில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு நாலு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்த மதகில் அது கால் வைப்பதில்லை. பலகையை எடுத்துவிட்டு சிமெண்ட் தளம் போட்டேன், சறுக்காமல் இருக்கக் கோடும் கீறிவிட்டேன். ம்ஹூம். இன்றைக்கும் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டால் மதகுக்குப் பத்தடி முன்னாலேயே திரும்பி, களத்துமேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அதன் கன்றுக்குட்டியோ அதே மதகில் துள்ளிக்கொண்டு ஓடுகிறது.

விழுந்த இடத்துக்குத் திரும்பப் போகாமல் இருப்பது உயிர் காக்கிற புத்தி. அதில் பசுவைக் குறை சொல்ல முடியாது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மதகுக்கே போகாததால், மதகு சரியாகிவிட்டது என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியே இல்லை. தினமும் சுற்றிப் போகிறது, தினமும் விழாமல் வீடு வருகிறது. சுற்றிப் போனதால்தான் விழவில்லை என்று அதன் கணக்கு தினமும் ஒருமுறை உறுதியாகிறது.

இதை ஏன் உழவர் இதழில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பூச்சி மருந்து விஷயத்தில் நம்மில் பெரும்பாலோர் இந்தப் பசு போகிற சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். ரசாயனம் அடிப்பவர்களை மட்டும் சொல்லவில்லை. கரைசல் அடிக்கிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தப்பித்தல் வேறு, தவிர்த்தல் வேறு

அடி விழுந்தபின் ஓடுவது தப்பித்தல். அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே விலகுவது தவிர்த்தல். வெயில் சுடுகிறது என்று நிழலுக்குப் போகிற ஆடு தப்பிக்கிறது. கையில் குச்சியைப் பார்த்ததுமே நகர்கிற ஆடு தவிர்க்கிறது. தப்பிப்பதற்கு ஆபத்து வந்து உடம்பில் பட வேண்டும். தவிர்ப்பதற்கு அதன் அடையாளம் போதும்: குச்சி, சத்தம், வாசனை, ஓர் இடம், ஒரு மனிதரின் முகம்.

வங்கியில் வேலை பார்த்தபோது இதை மனிதர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். கிராமக் கிளை ஒன்றில் பயிர்க்கடன் பார்த்த அதிகாரி நான். தவணை தவறிய ஒருவர், பஸ்ஸில் வந்தால் வங்கி வாசலில் இறங்க வேண்டுமே என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சந்து வழியாக உரக்கடைக்கு நடப்பார். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் சட்டென்று டீக்கடைக்குள் நுழைந்துவிடுவார். டீ குடிக்கிற பழக்கமே இல்லாத மனுஷன்.

அப்போது 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டிவிட்டால் 3 சதவீதம் சலுகை கழிந்து 4 சதவீதம்தான் விழும். அவர் முதல் தடவை தவறியது ஏதோ சில வாரம். வந்து உட்கார்ந்து பேசியிருந்தால் கணக்கைப் புதுப்பித்திருக்கலாம். வரவில்லை. வராமல் இருந்த ஒவ்வொரு மாதமும், வந்தால் கேட்கப்போகிற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு ஒரு வெள்ள வருஷம் வந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பயிர்க்கடனைத் தவணைக்கடனாக மாற்றிக் கொடுத்தோம். வெள்ளத்துக்கு முன்பே கெடு தாண்டிய கணக்குகளுக்கு அது கிடையாது. அவருடையது தாண்டியிருந்தது. கடைசியில் வீட்டு நகையைக் கந்துவட்டிக்காரரிடம் வைத்து எங்கள் கடனை அடைத்தார்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்களிடமிருந்து அவர் வீட்டுக்குப் போன காகிதம் அத்தனையும் மிரட்டல் காகிதம். 'கெடு நெருங்குகிறது, இந்தத் தேதிக்குள் கட்டினால் உங்களுக்கு இவ்வளவு மிச்சம்' என்று ஒரு காகிதம்கூடப் போனதில்லை. வங்கி என்றாலே அடி என்று பழக்கியவர்கள் நாங்கள்தான்.

பெட்டிக்குள் நாய்

1953-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். நடுவில் தடுப்பு வைத்த பெட்டி. ஒரு பக்கம் நாய் நிற்கும். விளக்கு அணையும். பத்து விநாடி கழித்துத் தரையில் மின்னதிர்ச்சி. நாய் கதறிக்கொண்டு தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். சில தடவைக்குள்ளேயே அது கற்றுக்கொண்டது: விளக்கு அணைந்ததும், அதிர்ச்சி வருவதற்கு முன்பே தாண்டிவிடும். தப்பித்தல் தவிர்த்தலாக மாறிவிட்டது. ஈவிரக்கமில்லாத சோதனைதான், இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம்.

மின்சாரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். இனிமேல் அதிர்ச்சியே கிடையாது. நாய் தாண்டுவதை நிறுத்தியதா? இல்லை. விளக்கு அணைய அணைய, நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டே இருந்தது. வேகம்கூடக் கூடியது. முகத்தில் பயமே தெரியவில்லையாம், ஏதோ அலுவலகத்துக்குப் போய் வருகிற மாதிரி சாவகாசமாகத் தாண்டியது. ஒரு தடவை தாண்டாமல் நின்று பார்த்திருந்தால் அதிர்ச்சி வராது என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு தடவைதான் வரவில்லை.

மௌரர் என்ற இன்னொரு உளவியலாளர் இதற்கு 1947-லேயே விளக்கம் சொல்லியிருந்தார். முதலில் அடையாளத்தைக் கண்டு பயப்படக் கற்கிறோம். பிறகு, விலகியதும் மனசு லேசாகிறதே, அதுதான் விலகியதற்குக் கிடைக்கிற கூலி. ஆபத்து உண்மையிலேயே இருந்ததா என்பது பிரச்சினையே இல்லை. கூலி ரொக்கமாக வந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1967-ல் செலிக்மன், மேயர் என்ற இருவர், எப்படி ஓடினாலும் தப்ப முடியாத அதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு சுலபமாகத் தாண்டக்கூடிய பெட்டியில் விட்டபோது பல நாய்கள் தாண்ட முயற்சிகூடச் செய்யவில்லை. படுத்து முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டன. வாயால் கூப்பிட்டால் வரவில்லை, தீனி காட்டினால் வரவில்லை. கயிற்றைக் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பலமுறை இழுத்துக் காட்டிய பிறகுதான் தாங்களாகத் தாண்ட ஆரம்பித்தன. அடுத்தடுத்து மூன்று போகம் போன விவசாயியிடம் 'தைரியமா இருங்க' என்று மேடையில் பேசிப் பிரயோசனமில்லை. கூட வயலில் இறங்க ஆள் வேண்டும்.

வேலியும் பொம்மையும்

வயலுக்கு வருகிற விலங்குகளிடம் இதே பாடத்தை நமக்குச் சாதகமாக்கலாம். சோளக்கொல்லை பொம்மை ஏன் ஒரு வாரத்தில் மயிலுக்கு உட்காருகிற இடமாகிவிடுகிறது? பொம்மை வெறும் அடையாளம். அதற்குப் பின்னால் ஒரு அடியும் வருவதில்லை என்று மயில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டுவிடுகிறது. பளபளக்கும் நாடா, வெடிச் சத்தம், ஒலிபெருக்கி எல்லாம் இந்தக் கதைதான். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் சில நாள் ஓடும், அவ்வளவுதான். பொம்மை நிற்கிற இடத்தில் சில நாள் ஆளே நின்று கவண் சுற்றினால், பிறகு பொம்மைக்கும் மரியாதை வரும்.

கென்யாவில் லூசி கிங் என்பவர் யானைகளுக்காகத் தேன்கூட்டு வேலி அமைத்தது எனக்குப் பிடித்த உதாரணம். வயலைச் சுற்றிக் கம்பியில் தேன்பெட்டிகளைத் தொங்கவிடுவது. யானை கம்பியை முட்டினால் பெட்டிகள் ஆடும், தேனீ கிளம்பும். அங்கே ரீங்காரத்துக்குப் பின்னால் உண்மையான கொட்டு இருக்கிறது. தேனும் கிடைக்கிறது.

சூரியசக்தி வேலி வேலை செய்வதும் இப்படித்தான். அது சுள்ளென்று ஒரு கணம்தான் அடிக்கும். பன்றியோ மாடோ ஒருமுறை மூக்கால் தொட்டுவிட்டால் கம்பியே அடையாளமாகிவிடும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது வேலி அல்ல, கொலை. அதில் விலங்கு எதையும் கற்பதில்லை, சாகிறது. வரப்பில் நடந்த மனிதர்களும் செத்திருக்கிறார்கள். சட்டப்படியும் குற்றம். வேலி போடுபவர்கள் முதலில் வனத்துறையிடம் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எலி நம்மைவிடக் கெட்டி. புதுப் பொருள் எதைக் கண்டாலும் முதலில் ஒதுங்கும். ஒரு தீனியைத் தின்று வயிறு கலங்கினால் பிறகு அந்தத் தீனிப்பக்கமே போகாது. விஷம் வைப்பவர்கள் இரண்டு மூன்று நாள் வெறும் தீனி வைத்துப் பழக்குவது இதற்காகத்தான். நமக்கு அந்த வம்பு வேண்டாம். தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது, ஆந்தை உட்காரக் குச்சி நடலாம். கிட்டியில் சிக்கியது உடனே செத்துவிடுவதால் பாடம் படித்துத் திரும்பிப் போக எலி இல்லை.

பத்தாம் நாள் மருந்து

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

நான் நிலத்துக்கு வந்த புதிதில் ஆத்தூர் கிச்சிலிச் சம்பா நட்டேன். நட்டு இருபதாம் நாள் வாக்கில் இலைச்சுருட்டுப்புழு தெரிந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு, "சார், இலையெல்லாம் வெள்ளையா சுருண்டு கெடக்கு. இன்னைக்கு அடிக்கலைன்னா அறுப்புக்கு வைக்கோல்தான் மிஞ்சும்" என்றார். ரசாயனம் அடிப்பதில்லை என்று முடிவு செய்து வந்தவன் நான். அதனால் ஐந்திலைக் கரைசல் அடித்தேன். பத்து நாளில் மறுபடி. நடுவில் அக்னி அஸ்திரம். இப்படிப் பத்து நாளைக்கு ஒருமுறை, கதிர் வரைக்கும். விளைந்தது. கரைசலால்தான் விளைந்தது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வருஷமும் அப்படியே. தழை பறிக்க, இடிக்க, ஊறவைக்க, வடிகட்ட, அடிக்க என்று ஆள்கூலி எகிறியது. என் மனைவி, "ஏங்க, மருந்துக்கடை பில்லு இல்லேன்னு சந்தோஷப்பட்டீங்களே, கூலி நோட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. அந்த நோட்டையும் நான் தவிர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊர்க் கணக்கையெல்லாம் சரிபார்த்த ஆசாமிக்குத் தன் கணக்கு பயம்!

அப்புறம்தான் உறைத்தது. இருபதாம் நாள், சுருண்ட இலை. அது விளக்கு அணைகிற மாதிரி. உடனே தெளிப்பான் தோளில் ஏறுகிறது, மனசு லேசாகிறது. மகசூல் விழவில்லை. அடிக்காமல் இருந்தாலும் விழுந்திருக்காதோ? தெரியாது. ஏனென்றால் ஒரு தடவைகூட அடிக்காமல் நின்று பார்த்ததில்லை. டேங்கில் இருப்பது மாறியிருந்தது, நான் நின்ற பெட்டி மாறவில்லை.

இந்தக் கேள்வியை வியட்நாமில் பெரிய அளவில் கேட்டிருக்கிறார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பூச்சியியலாளர் ஹியோங், தகவல் தொடர்பு அறிஞர் மோனினா எஸ்கலாடா ஆகியோர் 1994-ல் மீகாங் டெல்டா விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். 'எங்களை நம்ப வேண்டாம். உங்கள் வயலில் ஒரு சிறு பகுதியில் முதல் 40 நாள் பூச்சி மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள். அறுத்து ஒப்பிடுங்கள்.' துண்டறிக்கை போட்டார்கள், வானொலி நாடகம்கூட நடத்தினார்கள். அங்கேயும் பயமுறுத்தியது இலைச்சுருட்டுப்புழுதான். இளம் பயிர் புது இலையும் தூரும் விட்டு ஈடுகட்டிவிடும் என்பதை விவசாயிகள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். மருந்தடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொற்பொழிவு செய்யாத வேலையை, விட்டுப் பார்த்த துண்டு நிலம் செய்தது.

அவர்களுக்கு முன்பே இந்தோனேசியா பட்டுத் தெளிந்திருந்தது. மானிய விலையில் மருந்து அடித்து அடித்துப் புகையான் பெருகியது. அதன் முட்டை இலையுறைக்குள் இருக்கும், மருந்து தொடாது. முட்டையைத் தின்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும், குஞ்சைப் பிடிக்கிற சிலந்தியும்தான் முதலில் சாகும். 1986-ல் அதிபர் சுகார்த்தோ 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார். ஆபத்தைத் தவிர்க்க அடித்த மருந்தே ஆபத்தை வளர்த்தது என்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. நாம் அக்னி அஸ்திரத்தில் போடுகிற புகையிலையும் சிலந்தி எது, புழு எது என்று விசாரித்துவிட்டுக் கொல்வதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

விட்டுப் பார்த்தது

மூன்றாவது சம்பாவில் ஓர் ஏக்கரில் பத்து சென்ட்டை மட்டும் கயிறு கட்டி ஒதுக்கினேன். அதற்குமேல் தைரியமில்லை. அந்தப் பத்து சென்ட் போனாலும் அதிகபட்சம் இரண்டு மூன்று மூட்டை என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். நஷ்டத்துக்கு ஒரு எல்லை தெரிந்தால் நிற்க முடியும்.

வெறுமனே விட்டுவிடுவது வேலைக்காகாது. விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பதும் ஒருவகைத் தவிர்த்தல்தான். வாரம் ஒருமுறை இருபது குத்தில் இலையை எண்ணினேன். நூறு இலைக்கு எத்தனை இலை சுருண்டிருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். தூர் கட்டுகிற பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை வரை கவலையில்லை, பூக்கிற சமயத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற எல்லை. புகையானுக்குத் தூருக்கு ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தியைக் கணக்கில் சேர்த்துச் சொல்கிற இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாலாம் வாரம் என் எண்ணிக்கை எட்டைத் தொட்டது. அன்றைக்குத் தெளிப்பானைக் கழுவிக்கூட வைத்துவிட்டேன், பொய் சொல்வானேன். அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் புது இலை வந்து மூடி, சேதம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அறுப்பில் அந்தப் பத்து சென்ட்டைத் தனியாக அடித்து அளந்தோம். பக்கத்துப் பத்து சென்ட்டோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

எல்லா வருஷமும் இப்படி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த சம்பாவில் ஓர் ஏக்கர் முழுவதையும் விட்டேன். பால் பிடிக்கிற சமயத்தில் கதிர்நாவாய்ப்பூச்சி இறங்கியது. பூக்கும்போது நூறு கதிருக்கு ஐந்து, பால் பிடித்த பிறகு பதினாறு என்ற எல்லையைப் படித்திருந்தும் அந்த வாரம் கல்யாண வீட்டில் இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நாற்றம் வரப்பு வரைக்கும் வீசியது. வேப்பங்கொட்டைக் கரைசலை அடித்தும் பதர் விழுந்ததைத் தடுக்க முடியவில்லை. எனக்கு வலித்தது, ஆனால் பாடம் வேறு. என் வயலில் பயப்பட வேண்டிய வாரம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை சாகுபடிக் காலம் முழுக்கப் பரவிக்கிடந்த பயம், பூப்பிலிருந்து கதிர் முற்றுகிற வரையுள்ள சில வாரத்துக்குள் சுருங்கியது. இப்போது அந்தச் சில வாரம் நான் வெளியூர் போவதில்லை. கரைசல் தயாராக இருக்கும். எண்ணிக்கை எல்லையைத் தொட்டால் அடிப்பேன். மற்ற நாளில் தெளிப்பான் பரணில்.

முதலில் என்னைப் பயமுறுத்தினாரே, அந்தப் பக்கத்து வயல்காரர், இந்தச் சம்பாவில் கிழக்கு மூலையில் பத்து சென்ட்டை விட்டிருக்கிறார். இரண்டு வாரமாக அந்த மூலைப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. "நீங்களே எண்ணிச் சொல்லிடுங்க சார், எனக்கு வயித்தைக் கலக்குது" என்றார். "அதெல்லாம் ஆகாது, நீங்க வந்தாத்தான் நான் இறங்குவேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இருவரும் ஆளுக்குப் பத்துக் குத்து எண்ணினோம். நூற்றுக்கு ஏழு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே புழு இல்லை, ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. "அடுத்தது என்னைக்கு எண்ணணும்?" என்று கேட்டார். வியாழக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் போகிறோம்.